மலை முதல் அழிமுகம் வரை: எர்ணாகுளம் மாவட்டமும் மட்டாஞ்சேரியும்

ஒரு மாவட்டத்தின் எல்லையை அரசாணை வகுக்கிறது. அம்மாவட்டத்து மக்களின் வாழ்வை வகுப்பவையோ நிலமும் நீரும் ஆகும். இவ்வுண்மைக்குக் கேரள மாநிலத்து எர்ணாகுளம் மாவட்டத்தைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் தொடங்கி மேற்கே அரபிக் கடற்கரையில் முடியும் இம்மாவட்டம் 1958 ஏப்ரல் 1-ஆம் நாள் உருவாக்கப்பட்டது. அதன் பகுதிகள் அதற்கு முன் வேறு வேறு மாவட்டங்களிலும், அதற்கும் முன் வேறு வேறு ஆட்சிகளின் கீழும் பிரிந்து கிடந்தன. ஆறுகள் மட்டும் அப்பிரிவினைகளைப் பொருட்படுத்தாமல் மலையிலிருந்து கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தன. இம்மாவட்டத்தின் இயற்கை அமைப்பையும் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, ஆற்றின் கடைமடையில் அமைந்த மட்டாஞ்சேரியின் நிலையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பு

கொச்சி, கணயன்னூர், பரவூர், ஆலுவா, குன்னத்துநாடு, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் என ஏழு வட்டங்களைக் கொண்டது எர்ணாகுளம் மாவட்டம். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 32,82,388 பேர். தொடக்கத்தில் தொடுபுழை வட்டமும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அவ்வட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது.

நிலத்தின் இயல்பை ஒட்டி மாவட்டத்தை மலைநாடு, இடைநாடு, கடல்நாடு என மூன்றாகப் பகுப்பது மரபு. கோதமங்கலத்தின் கிழக்குப் பகுதிகள் மலைநாட்டைச் சேர்ந்தவை. அங்கே காடுகளும் ரப்பர்த் தோட்டங்களும் மிகுதி. பூதத்தான்கெட்டு என்னுமிடத்தில் பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள தடுப்பணை கீழ்ப்பகுதி வயல்களுக்குக் கால்வாய் வழியே நீர் அளிக்கிறது. அதனை அடுத்துள்ள தட்டேக்காடு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பரிந்துரையை ஏற்று 1983-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இடைநாடு செம்மண் குன்றுகளும் அவற்றிடையே தாழ்ந்த வயல்களும் கொண்டது. பெரும்பாவூரின் மரத்தொழிலும் வாழக்குளத்தின் அன்னாசிப் பழமும் இப்பகுதிக்குப் பெயர் தேடித் தந்தவை. கடல்நாடு காயல்களும் தீவுகளும் நிறைந்த தாழ்நிலம். வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி இங்கே பரந்து கிடக்கிறது.

பெரியாறும் மூவாற்றுப்புழை ஆறும் இம்மாவட்டத்தின் இரு பெரும் ஆறுகள். பெரியாறு 244 கிலோமீட்டர் நீளமுடையது; கேரளத்து ஆறுகளுள் மிக நீளமானது. இதன் நீரில் ஒரு பகுதி முல்லைப் பெரியாற்று அணையின் வழியே 1895 முதல் தமிழகத்து வைகைப் பாசனத்துக்குப் பயன்பட்டு வருகிறது. எஞ்சிய ஆறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து கடலையும் காயலையும் நாடுகிறது. மூன்று சிற்றாறுகள் கூடுவதால் பெயர்பெற்ற மூவாற்றுப்புழை ஆறு தெற்கே சென்று வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. வடக்கே முனம்பத்திலும் தெற்கே கொச்சியிலும் உள்ள இரண்டு அழிமுகங்களுக்கு இடையே ஒடுங்கிய நீண்ட தீவாக வைப்பின் அமைந்துள்ளது.

மலையிலிருந்து கடல் மிகவும் அண்மையில் இருப்பதை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். மலையில் பெய்யும் கனமழை ஓரிரு நாள்களில் தாழ்நிலத்தை அடைந்துவிடுகிறது. அவ்வேளையில் கடலின் ஏற்றம் எதிர்த்து நிற்குமானால் வெள்ளம் வடிய வழியில்லை. மேலே நிகழும் எதுவும் கீழே உணரப்படும் என்பது இம்மாவட்டத்தின் அடிப்படை இயல்பாகும்.

முசிறியிலிருந்து கொச்சிக்கு

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு முசிறி புதிய பெயரன்று. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட சேரர் துறைமுகத்தை அகநானூறு குறிப்பிடுகிறது. பெரியாற்றின் கரையில் இருந்த அத்துறையின் சுவடுகளைத் தேடும் முயற்சியில் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூர் அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அங்கு மேற்கொண்ட அகழாய்வுகளில், நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. முசிறியிலிருந்து சரக்கேற்றிச் சென்ற எர்மாப்போலோன் என்னும் கப்பலைப் பற்றிய கிரேக்க ஆவணம் ஒன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது.

இத்துணைச் சிறப்புற்ற துறை ஏன் கைவிடப்பட்டது? 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருகிய வெள்ளம் வடக்கு அழிமுகத்தில் வண்டலைக் குவித்து, தெற்கே கொச்சி அழியை ஆழப்படுத்தியது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். வைப்பின் தீவு அக்காலத்தில் உருப்பெற்றது என்பது மரபு. அதன் தோற்றத்தை முதலாகக் கொண்டு புதுவைப்பு என்னும் ஓர் ஆண்டுக் கணக்கும் வழங்கி வந்தது. ஆற்றின் போக்கு மாறியதும் வாணிகத்தின் போக்கும் மாறியது. பெரும்படைப்பு மன்னர் குடும்பம் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுங்கல்லூர்ப் பகுதியை விட்டுக் கொச்சிக்குக் குடிபெயர்ந்தது. கொச்சியின் ஏற்றம் இவ்வாறு நீரின் கொடையாகவே அமைந்தது.

மட்டாஞ்சேரியின் பல குடிகள்

1500-இல் போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கொச்சிக்கு வந்தார். 1503-இல் இம்மானுவேல் கோட்டை எழுந்தது. கோட்டை அமைந்த கடலோரம் கோட்டைக் கொச்சி ஆயிற்று. அதனை ஒட்டிக் காயலோரமாக அமைந்த மட்டாஞ்சேரி மன்னரின் ஊராகவும் வணிகரின் ஊராகவும் விளங்கியது. 1555-இல் போர்த்துகீசியர் கட்டி மன்னருக்கு அளித்த அரண்மனை இன்றும் அங்குள்ளது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதன் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள இராமாயண ஓவியங்கள் கேரளச் சுவரோவியக் கலையின் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும்.

அரண்மனையை அடுத்து 1568-இல் யூதர்கள் எழுப்பிய தொழுகைக்கூடம் நிற்கிறது. சீனத்திலிருந்து தருவிக்கப்பட்ட நீலவண்ண ஓடுகள் அதன் தரையை அணிசெய்கின்றன. கோவாவிலிருந்து வந்த கொங்கணி மக்கள் தம் திருமலைக் கோயிலை மையமாகக் கொண்டு குடியேறினர். குஜராத்தி வணிகரும், கட்சு நாட்டு மேமன்களும், தமிழ் அந்தணரும், செட்டிகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். டச்சுப் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினர் என்று கருதப்படும் வண்ணார் குடும்பத்தினர், கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகின்றனர். வெளுப்புக்கூடம் அவர்களுடைய சங்கத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. 1653 ஜனவரி 3-இல் சிரியக் கிறித்தவர்கள் போர்த்துகீசியச் சமய அதிகாரத்தை ஏற்க மறுத்து உறுதிமொழி பூண்ட கூனன் குரிசும் மட்டாஞ்சேரியிலேயே உள்ளது.

இக்குடிகள் அடுத்தடுத்து வாழ்ந்ததால் விளைந்த அறிவுப் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த மலபார்ச் செடிகொடிகள் பற்றிய பன்னிரு தொகுதி நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் அந்நூலுக்குத் தம் மருத்துவ அறிவை வழங்கினர்.

ஆயினும் ஆட்சி எல்லைகள் ஊரைப் பிரித்தே வைத்திருந்தன. 1795-இல் ஆங்கிலேயர் கோட்டைக் கொச்சியைக் கைக்கொண்ட பின் அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு தெருவைக் கடந்தால் வரும் மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆலுவா, பரவூர், மூவாற்றுப்புழை முதலியவை திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ஓர் ஆற்றின் மேற்பகுதி ஓர் அரசிடமும், இடைப்பகுதியும் கழிமுகமும் பிற அரசுகளிடமும் இருந்தன. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன; 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் பிறந்தது. அதன் பின்னரே இப்பகுதிகளை ஒரே மாவட்டமாக அமைக்க வழி பிறந்தது. 1967 நவம்பர் 1-இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும் அண்டை ஊர்கள் சிலவும் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆயின.

துறைமுகமும் தொழிலாளரும்

கொச்சி அழியின் வாயிலில் மணல்மேடு ஒன்று குறுக்கிட்டு நின்றது. ஆகையால் பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளை வள்ளங்களில் ஏற்றிச் சென்று கப்பலில் சேர்க்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் இப்பணி பெரும்பாலும் முடங்கிவிடும். 1902-இல் ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இருப்புப்பாதை வந்தது. அதற்குப் பொருள் சேர்க்கக் கொச்சி மன்னர் இராமவர்மா திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் முகபடாம்களை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. இரயில் வந்துவிட்டது, ஆழமான துறை வரவில்லை.

1920-இல் சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபு, இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரை இப்பணிக்கு அனுப்பினார். மணல்மேட்டை அகற்றினால் வைப்பின் கரையைக் கடல் அரித்துவிடும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. பிரிஸ்டோ நீரோட்டங்களையும் கரையின் இயல்பையும் ஆராய்ந்து, கரையைக் காக்க வழி கண்ட பின்னரே வேலையைத் தொடர்ந்தார். சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய அரசுகளிடையே 1925-இல் உடன்படிக்கை ஏற்பட்டமையால் பணி முன்னேற முடிந்தது. 1928 மே 26-இல் பத்மா என்னும் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. தூர்வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரே அழிமுகத்தில் பங்குடைய அரசுகள் ஒன்றுபட்ட பின்னரே இப்பயன் கிட்டியது என்பது இங்கு நினைவில் நிறுத்தத்தக்கது.

துறைமுகத்தின் வளம் அங்கு உழைத்தோரிடம் உடனே சென்று சேர்ந்துவிடவில்லை. அந்நாளில் சுமை தூக்குவோர்க்கு வேலை வழங்கச் சாப்பா என்னும் வழக்கம் இருந்தது. கூடிநிற்கும் தொழிலாளர் நடுவே உலோக வில்லைகள் வீசியெறியப்படும். அவற்றைப் போராடிப் பற்றியவனுக்கே அன்றைய வேலையும் கூலியும் உண்டு. மனிதனை மனிதன் மிதித்து வேலை தேடிய இக்கொடுமையை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். 1953 செப்டம்பர் 15-இல் மட்டாஞ்சேரியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். வேலையை முறையாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அதன் பின் வலுப்பெற்றது. காலப்போக்கில் சாப்பா வழக்கமும் ஒழிந்தது.

வாணிகத்தின் இடமும் மாறிக்கொண்டே வந்தது. மட்டாஞ்சேரிக் கடைவீதியின் கிடங்குகள் ஒருபுறம் தெருவையும் மறுபுறம் காயலையும் நோக்கியவை. மிளகும் இஞ்சியும் ஏலமும் மலைநாட்டிலிருந்து வள்ளங்களில் வந்து அங்கு இறங்கும். மிளகு முன்பேர வாணிகம் 1957-இல் மட்டாஞ்சேரியில் தொடங்கி நெடுங்காலம் கூவி விலைபேசும் முறையில் நடைபெற்றது. பின்னர்ச் சரக்கு லாரிகளிலும் பெட்டகங்களிலும் செல்லலாயிற்று. 2011-இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. கிடங்குகள் பல வெறுமையாயின. யூதக் குடும்பங்களுள் பெரும்பாலானவை இஸ்ரேல் நாடு அமைந்த பின் அங்குச் சென்றுவிட்டன. இன்று கிடங்குகள் சிலவற்றில் பழம்பொருள் அங்காடிகள் உள்ளன. 2012-இல் தொடங்கிய ஓவிய, சிற்பப் பெருங்காட்சி வேறு சிலவற்றுக்குப் புதுவாழ்வு அளித்திருக்கிறது. சுற்றுலா வருவாய் வரவேற்கத்தக்கதே. எனினும் வள்ளத்துறையில் சுமந்த கைகள் அனைத்துக்கும் அது வேலை தர இயலாது.

மாவட்டத்தின் வளர்ச்சி

ஒரே மாவட்டமாக அமைந்த பின் எர்ணாகுளம் கண்ட முன்னேற்றம் பெரிது. ஏலூரில் 1940-களில் தொடங்கிய உரத் தொழிற்சாலையைத் தொடர்ந்து, 1966-இல் அம்பலமுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1972-இல் நிறுவப்பட்ட கப்பல் கட்டும் தளம் கட்டிய விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 2022 செப்டம்பர் 2-இல் கடற்படையில் சேர்ந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-இல் செயற்படத் தொடங்கியது.

இவை அனைத்திலும் மேலாக எண்ணத்தக்கது எழுத்தறிவு இயக்கமாகும். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி வீடு வீடாகச் சென்று முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். மீனவர் குடியிருப்புகளிலும் தீவுகளிலும் வகுப்புகள் நடந்தன. 1990 பிப்ரவரி 4-இல் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மாவட்டம் என்னும் நிர்வாக அமைப்பு, மக்களின் ஒத்துழைப்பைப் பெறும்போது எத்துணைப் பெரிய செயலையும் முடிக்க வல்லது என்பதை அவ்வியக்கம் மெய்ப்பித்தது.

கடைமடையின் குறைகள்

இவ்வளர்ச்சியின் பயன் மட்டாஞ்சேரியையும் அதனைச் சூழ்ந்த மேற்குக் கொச்சியையும் எவ்வளவு சென்றடைந்துள்ளது என்னும் வினாவுக்குக் குடிநீரே விடை கூறும். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த இப்பகுதிக்கு நல்ல நீர் எக்காலத்திலும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. முற்காலத்தில் பெரியாற்று நீரை வள்ளங்களில் கொண்டுவந்தனர். யானைக்கால் நோய் கொச்சிக்கால் என்றே வெளிநாட்டவரால் குறிக்கப்பட்ட அளவுக்கு இங்குச் சுகாதாரக் கேடு மிகுந்திருந்தது. குழாய்நீர் வந்த பின் நிலைமை பெரிதும் திருந்தியது.

இன்று மேற்குக் கொச்சி அருந்தும் நீரில் பெரும்பங்கு, பிறவத்தை அடுத்த பாழூரில் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து இறைக்கப்பட்டு, மரடு சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே வருகிறது. அந்த ஆற்றில் கோடையிலும் நீர் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இடுக்கி அணையில் தேக்கப்படும் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே மூலமற்றம் மின்நிலையத்துக்குச் சென்று, சுழலிகளை இயக்கிய பின் தொடுபுழை ஆற்றில் விடப்படுகிறது. அங்கிருந்து மூவாற்றுப்புழை ஆற்றை அடைகிறது. ஆகவே மட்டாஞ்சேரித் தெருக்குழாயில் நிரம்பும் குடத்துக்கும் இடுக்கி மலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதடைந்தபோது, மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்துநிற்க நேர்ந்தது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் முதலில் வறள்வது கடைசி வீடே.

குடிநீரைப் போலவே வெள்ளமும் கடைமடைக்குரிய சிக்கலாகும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் ஆலுவாவும் பரவூரும் பெருஞ்சேதம் அடைந்தன. அண்மைக் காலத்தில் வைப்பின், ஏழிக்கரை, கும்பளங்கி முதலிய ஊர்களில் மழையில்லாத நாள்களிலும் கடலேற்றத்தின்போது காயல்நீர் வீடுகளுக்குள் புகுகிறது. சுவர்கள் உப்பேறி உதிர்கின்றன. காயலில் வண்டல் படிந்து நீர் கொள்ளும் அளவு குறைந்ததும், வயல்களும் சதுப்புகளும் தூர்க்கப்பட்டதும், கடல்மட்டம் உயர்ந்து வருவதும் இதற்குரிய காரணங்களுள் சில. ஆலைக் கழிவுகளால் பெரியாற்றின் கீழ்ப்பகுதி மாசுற்றதும் நெடுநாளைய குறையாகும்.

இதற்குரிய மாற்றைத் தேடும்போது பொக்காளி வயல்களை எண்ணிப் பார்த்தல் தகும். உப்புநீரைத் தாங்கும் இந்நெல் மழைக்காலத்தில் உரமின்றி விளைகிறது. அறுவடைக்குப் பின் மதகுகளைத் திறந்து கடலேற்ற நீரை உள்ளே விட்டு, அதே நிலத்தில் இறால் வளர்க்கின்றனர். நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. நீரைத் தடுத்து நிறுத்தாமல் காலமறிந்து உள்விடவும் வெளிவிடவும் கற்ற மக்களின் அறிவு இது. வெள்ளத்துக்கு இடம் தந்துவந்த இவ்வயல்களின் பரப்பு ஆண்டுதோறும் சுருங்கி வருவது கவலைக்குரியது.

செய்யத்தக்கன

நீர்வழியின் மதிப்பை அரசு மீண்டும் உணர்ந்திருப்பது நல்ல அறிகுறியாகும். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வைப்பின் தீவை நகருடன் இணைத்தன. 2023 ஏப்ரலில் மின்கலப் படகுகளைக் கொண்ட நீர்வழி மெட்ரோ தொடங்கியது; 2025-இல் மட்டாஞ்சேரியிலும் அதன் முனையம் திறக்கப்பட்டது. கோட்டைக் கொச்சியை அடுத்த துருத்தியில் நெரிசலான குடிசைப் பகுதி மக்களுக்காக ராஜீவ் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் அடுக்குமாடி வீடுகள் எழுப்பப்பட்டுள்ளன. படகு நாள்தோறும் வந்துபோக வேண்டுமாயின் மட்டாஞ்சேரிக் கால்வாய் தூர்வாரப்பட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்கு ஒருமுறைச் செலவு போதாது. ஆண்டுதோறும் நிதியும் பொறுப்பேற்கும் அமைப்பும் தேவை.

துறைமுகம், மாநகராட்சி, நீர்ப்பாசனம், குடிநீர், மீன்வளம், வேளாண்மை எனத் துறைகள் பல இன்று இந்நீரின் மீது அதிகாரம் கொண்டுள்ளன. முன்னாளில் அரசுகள் ஆற்றைப் பங்கிட்டன. இந்நாளில் அலுவலகங்கள் பங்கிடுகின்றன. அணையில் நீர் திறப்பதும், அழிமுகத்தில் தூர்வாருவதும், வயலில் மதகு அமைப்பதும் ஒரே கணக்கில் வைத்து எண்ணப்பட வேண்டியவை. மாவட்டத் திட்டக் குழுவின் முன் இக்கணக்கு முழுமையாக வைக்கப்படுதல் வேண்டும். தீவுகளிலும் கடலோரத்திலும் வாழும் மக்களின் சொல்லும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.

1341-இல் வெள்ளம் தானே வழியை மாற்றியது. மக்கள் அதன் பின்னே சென்று ஒரு நகரை அமைத்தனர். 1920-களில் மனிதர் ஆய்ந்து திட்டமிட்டு வழியை ஆழப்படுத்தினர். ஒரு துறைமுகம் பிறந்தது. இன்று தேவைப்படுவது அத்தகைய ஆய்வும் ஒன்றுபட்ட செயலுமே. மலையில் தேக்கும் நீருக்கும் மட்டாஞ்சேரியின் கடைசித் தெருவில் வாழும் குடும்பத்துக்கும் உள்ள உறவை ஏற்று நடக்கும் திட்டமே எர்ணாகுளம் மாவட்டத்துக்குப் பொருந்திய திட்டமாகும்.